மகன் செய்த சைக்கிள்

சைக்கிளைப் பற்றி எனக்குப் புதிதாக எவரும் எதையும் சொல்லிவிட முடியாது என்றோர் இறுமாப்பு நெடுங்காலம் என்னிடம் இருந்தது. அதற்கு நியாயமும் இல்லாமல் இல்லை. வாலாஜாபாத்தில் வீடு; பாலாற்றுக்கு அக்கரையில் நான் தமிழ் கற்பித்த பள்ளி. 31 ஆண்டுகள், வெயிலிலும் மழையிலும், அம்பத்தூரில் செய்த கறுப்பு ஹெர்குலிஸ் ஒன்றின் மேல் ஏறிப் போய் வந்தவன் நான். இரும்புக் கம்பி பிரேக்கு, பின்னோக்கி வளைந்த ஹாண்டில்பார், அகன்ற தோல் சீட்டு. தூக்கி நிறுத்துவதற்கே தனிப் பலம் வேண்டும். அந்த வண்டி இன்றும் எங்கள் திண்ணையோரம் சாய்ந்து நிற்கிறது. என் இறுமாப்பை அடக்கியவன் என் மகன்.

அவன் ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் வெல்டராக இருந்தான். பற்றவைக்கும் வேலையை அங்கே இயந்திரக் கைகள் செய்தன. இவன் அவற்றுக்குக் காவல். "கை மறந்து போகிறது அப்பா" என்று ஒரு நாள் சொன்னான். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் முன்பு மாடு கட்டிய கொட்டகையில் சைக்கிள் பிரேம் செய்யத் தொடங்கினான். அதுவும் நம்மவர் பால் பாத்திரம் கட்டிப் போகும் சைக்கிள் அன்று. சாலையில் விரைந்து ஓட்டுவதற்கான மெல்லிய வண்டி. நிரந்தர வேலையை விட்டவனோடு எட்டு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதை மறைத்தால் பின்னால் வருவது வாசகர்க்கு விளங்காது.

அவன் செய்த முதல் பிரேம் சென்ற தை மாதம் உடைந்தது. ஹாண்டில்பார் குழாயும் கீழ்க்குழாயும் சந்திக்கும் இடத்தில் விரிசல் கண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்பாகம் மடிந்துவிட்டது. காறை எலும்பு முறிந்து, கையைத் தொட்டிலில் இட்டபடி ஆறு வாரம் கிடந்தான். அவன் தாய் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாள். நானோ, "சொன்னேனே" என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னேன். அதைவிடக் கொடிய சொல் நம் மொழியில் உண்டோ என்று பின்னர் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

கை தேறியபின், ஏன் உடைந்தது என்பதை அவனே எனக்கு விளக்கினான். நம் பழைய சைக்கிள்களில் குழாய்களை லக் என்னும் உறைக்குள் செருகி, இடுக்கில் பித்தளையை உருக்கி ஓடவிடுவார்கள். அதற்கு 900 பாகை அளவுக்கு வெப்பம் வேண்டும். ஹெர்குலிஸின் குழாய் தடிமனானது, தாங்கும். இவன் வாங்கிய குழாய்கள் பர்மிங்ஹாம் நகரத்து ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் செய்பவை. வெளியே பார்த்தால் ஒரே பருமன்; உள்ளேயோ, இரு முனைகளிலும் 0.9 மில்லிமீட்டர் தடிப்பு, நடுவில் 0.6 மில்லிமீட்டர்தான். பளு மிகும் மூட்டுகளில் மட்டும் எஃகை வைத்து, மற்ற இடத்தில் குறைக்கும் இந்த உபாயத்துக்கு ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அத்தகைய குழாயில் இவன் சுடரை ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிறுத்திவிட்டான். உறையின் விளிம்பை ஒட்டி எஃகின் உரம் கெட்டது. "இந்த முறை வெள்ளி கலந்த பற்றாசு வைத்தேன். 700 பாகைக்குள் உருகிவிடும்" என்றான்.

இந்த முறை என்றானே! தாய் அறியாமல் இரண்டாவது பிரேம் ஏற்கெனவே முடிந்திருந்தது. சாம்பல் நிறம் பூசி, சக்கரம் பூட்டி, கோணியால் மூடி வைத்திருந்தான். அவனும் நானும் ஒரே உயரம். குள்ளம் என்று சொன்னாலும் தவறில்லை. ஆகவே அந்த வண்டி எனக்கும் பொருந்தும். கோணியை விலக்கியதும் என் வாயிலிருந்து வந்த சொற்களை நான் யோசித்துச் சொல்லவில்லை: "முதலில் நான் ஓட்டுகிறேன். விழுந்தால் நான் விழுகிறேன்."

அவன் மறுத்துப் பார்த்தான். அவன் தாய் இருவரையும் வைதுவிட்டு, உள்ளே போய் மாதா சுரூபம் ஒன்றை எடுத்துவந்து ஹாண்டில்பாரில் நூலால் கட்டினாள். இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே கிசல்லோ என்னும் குன்றில் உள்ள ஆலயத்தின் அன்னையை, சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாகப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-இல் அறிவித்தார். அம்பத்தூர்ச் சைக்கிள் நிறுவனம் தொடங்கியதும் அதே 1949-இல்தான் என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை, லாரிகள் புறப்படுமுன் கிளம்பினேன். செங்கற்பட்டுச் சாலையில் பழைய சீவரம் வரை போய், பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, திருமுக்கூடலில் திரும்புவதாகத் திட்டம்.

முதல் மிதியிலேயே திடுக்கிட்டேன். ஹெர்குலிஸை மிதித்தால் அது சற்று யோசித்துவிட்டுத்தான் நகரும். இதுவோ, மிதித்த கணமே கிளம்பிற்று. கைப்பிடி இன்னும் மோசம். நான் திரும்ப வேண்டும் என்று நினைத்தாலே திரும்பியது. பழைய வண்டியின் முன்கவை நன்றாகச் சாய்ந்திருக்கும். இதில் 73 பாகை, ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கிறது. அதனால் வந்த சுறுசுறுப்பு அது. ஊர் எல்லை வரை, புதிதாகச் சைக்கிள் பழகும் சிறுவனைப்போல் கோணிக் கோணிப் போனேன். தேநீர்க் கடையில் நின்றிருந்த என் பழைய மாணவன் ஒருவன் வணக்கம் சொல்ல, பதிலுக்குக் கையெடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதன்பின் உடம்பு பழகிற்று, மனம் பழகவில்லை. என் கண் சாலையில் இல்லை. அந்த மூட்டின் மேலேயே இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் காதைத் தீட்டிக்கொண்டேன். ஜல்லி சிந்திக் கிடந்த ஓரிடத்தில் 'டக்' என்று ஓர் ஒலி. சற்றுத் தொலைவில் மறுபடியும் 'டக்'. உள்ளங்கை வியர்த்துவிட்டது. இறங்கி, மூட்டைச் சுற்றிலும் நகத்தால் தடவினேன், விரிசல் இல்லை. ஏறினேன், மீண்டும் 'டக்'. மூன்றாம் முறை இறங்கியபோதுதான் கண்டேன்: மாதா சுரூபம் ஆடி ஆடிக் குழாயில் மோதிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நடுச்சாலை என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையில் சைக்கிள் ஓட்டினேன். மெல்லிய எஃகுக்கு ஒரு குணம் உண்டு. டயரில் காற்று கல்லைப்போல் இறுகியிருந்தும், சாலையின் அதிர்வு முழுதும் முதுகுக்கு ஏறவில்லை. வழியில் எங்கேயோ கரைந்துபோயிற்று. ஆயினும் மிதிக்கும் பலம் கரையவில்லை. பழைய சீவரக் குன்று கண்ணுக்குத் தெரிந்தபோது, இவ்வளவு விரைவிலா என்று வியந்தேன். பாலத்தின் மேல் எதிர்காற்று. குனிந்த நிலையில் அந்தக் காற்று என் மார்பைத் தேடிப் பார்த்துவிட்டு முதுகின் மேலாகப் போய்விட்டது. கீழே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். வழக்கம்போல் மணலும் நாணலும். அந்த மணலில் எத்தனையோ நாள் ஹெர்குலிஸைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

அக்கரையில் மெல்லத் திரும்பும்போதுதான் விபத்து வந்து எட்டிப் பார்த்தது. ஹாண்டிலை முழுதும் ஒடித்தேன். என் செருப்பின் நுனி முன்டயரில் மாட்டிக்கொண்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பற்றியதால் தப்பினேன். பிரேம் சிறியது, முன்கவை நிமிர்ந்தது. ஆகவே சக்கரம் பெடலுக்கு மிக அருகில் வந்துவிட்டது. திரும்பும் வழியில் சமதளமான ஓரிடத்தில் துணிந்து இரு கைகளையும் விட்டுப் பார்த்தேன். சுழலும் சக்கரமும் முன்கவையின் சாய்வுமே சைக்கிளை விழாமல் காக்கின்றன என்று நான் வகுப்பில் சொல்லியதுண்டு. 2011-இல் கார்னெல், டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அவ்விரண்டின் விளைவையும் நீக்கிய ஒரு வண்டியைச் செய்து, அதுவும் ஆளின்றித் தானே நிமிர்ந்து ஓடுவதைக் காட்டினார்களாம். மகன் சொல்லித்தான் அறிந்தேன். அவன் வண்டியும் நிமிர்ந்துதான் ஓடிற்று. ஆனால் மெல்ல மெல்ல இடப்பக்கம் இழுத்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

வாசலில் அவன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ! நான் இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மூட்டைப் பார்த்தான்.

"மூட்டு நன்றாக இருக்கிறது. கால் டயரில் இடிக்கிறது. கையை விட்டால் இடப்பக்கம் போகிறது" என்றேன்.

பாராட்டுக்குக் காத்திருந்த முகம் வாடும் என்று அஞ்சினேன். வாடவில்லை, குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டான். பிறகு சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஐயம்பேட்டை நெசவாளர் ஒருவரிடம் வாங்கி வைத்திருந்த பட்டு நூலைப் பின்முனை ஒன்றில் கட்டி, முன்குழாயைச் சுற்றிக்கொண்டுவந்து மறுமுனையில் இழுத்துக் கட்டினான். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு புறமும் ஒத்திருக்க வேண்டும். அளந்தான். வலப்புறம் 3 மில்லிமீட்டர் அதிகம்.

"எஃகாக இருப்பதால் நெம்பிச் சரிசெய்யலாம். அலுமினியமாக இருந்தால் தொடவே கூடாது" என்றான். பிரேமை இடுக்கியில் மாட்டினான். "அப்பா, இந்தப் பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்."

பிடித்துக்கொண்டேன். மூன்று முறை நெம்பி, மூன்று முறை நூல் கட்டி அளந்தோம். கால் இடிப்பதற்கு மட்டும் உடனே வழியில்லை. முன்கவையை இன்னும் சற்று வளைத்துப் புதிதாகச் செய்ய வேண்டுமாம். அதற்குக் குழாய் வரப் பத்து நாளாகும் என்றான். அதுவரை திருப்பங்களில் காலை எடுத்துவிட்டு ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.