குழலுக்கு ஏத்த குண்டு

அயோவாவுல டிசம்பர் மான் வேட்டைக்கு ரெண்டு நாள் முன்னாடி. ஒரு இளைஞர், கையில குழலுக்குள்ள மரை (சுழல் வரிப்பள்ளம்) இல்லாத பழைய 12 கேஜ் ஷாட்கன். வாங்கிட்டு வந்ததோ விலை கூடின சாபோ ஸ்லக் (ஒத்தைக் குண்டுத் தோட்டா).

50 கஜத்துல அட்டை. அஞ்சு தடவை சுட்டார். அஞ்சும் அஞ்சு திசை.

துப்பாக்கி மேல தப்பே இல்ல.

சாபோ குண்டு பிளாஸ்டிக் உறைக்குள்ள உட்கார்ந்திருக்கும். குழல்ல மரை இருந்தாத்தான் உறை அதைப் பிடிச்சுச் சுழலும். சுழலலைன்னா குண்டு காத்துல புரளும். மரை இல்லாத குழலுக்கு 1930கள்ல கார்ல் ஃபாஸ்டர் கொண்டுவந்த ஸ்லக்தான் சரி. சுமார் 28 கிராம் ஈயம். திருப்பிப் பார்த்தா பின்பக்கம் கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும், கனமெல்லாம் மூக்குல. இறகுப்பந்து மாதிரி மூக்கு முன்னாடியே நிக்கும்.

அயோவா மான் வேட்டையில ரொம்ப காலம் ஷாட்கன்தான் வழக்கம். சமவெளி, சோளக்கொல்லை, நடுநடுவே பண்ணை வீடுங்க. ரைஃபிள் குண்டு வெகுதூரம் போயிடும்ங்கிற பயம். அவ்வளவு தூரம் போகாத, கழுத்து குறுகாத நேர்ச்சுவர்த் தோட்டா போடுற ரைஃபிளுக்கு 2017லதான் வழி விட்டாங்க.

12 கேஜோட உதை தாங்காதவங்களுக்கு 20 கேஜ் நல்லது. மானுக்கு அது தாராளமாப் போதும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுறதுதான் ஆபத்து.

மறுநாள் ஃபாஸ்டர் ஸ்லக். மூணு குண்டு, ஒரு உள்ளங்கைக்குள்ள.

அட்டையில சுட்டுப் பார்க்காமலே அவர் காட்டுக்குப் போயிருந்தா, வயித்துல அடிபட்டு ஓடுற மானை யார் தேடிப் போயிருப்பாங்க?