பிறந்தகமும் புக்ககமும்

மணமுடித்துப் புக்ககம் சென்ற பெண்ணின் வாயினின்றும் முதற்சில மாதங்களில் அடிக்கடி வரும் சொல்லொன்று உண்டு. "எங்கள் வீட்டில் இப்படிச் செய்வதில்லை" என்பதே அது. உப்புச் சாடி இருக்கும் இடம் முதல் விளக்கேற்றும் வேளை ஈறாக யாவும் அவளுக்குப் பிழையாகவே தோன்றும். பல கணினிகளுக்குப் பொதுவாக நின்று கோப்புகளையும் கணக்குகளையும் காத்துதவும் சர்வர்களை நடத்துவதே தொழிலாகக் கொண்ட எம் போன்றாரும் இத்தகைய மருமக்களே. ஓர் இயங்குதளத்திற் பழகிய கை மற்றோர் இயங்குதளத்திற்கு மாறுங்கால் அச்சொல்லையே சொல்லுகின்றது. யாமும் அதனைப் பல்லாண்டு சொல்லித் திரிந்தோம். அதனை விட்டது எவ்வாறு என்பதை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எமக்குப் பிறந்தகம் லினக்ஸ். 1969ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்துப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் நெறியைப் பின்பற்றி, 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் இதன் கருவை எழுதி வெளியிட்டார். அவர் அப்போது பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் ஒரு மாணவர். எதிர்முகாமில் நிற்பது விண்டோஸ் சர்வர். அதன் மூலமாகிய விண்டோஸ் என்டி 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை ஆக்கிய குழுவிற்குத் தலைவராயிருந்த டேவிட் கட்லர், அதற்கு முன்னர் டிஜிட்டல் கம்பெனியில் விஎம்எஸ் என்னும் பிறிதோர் இயங்குதளத்தை ஆக்கியவர்களுள் ஒருவர். ஆகவே, அவரும் ஒரு வீட்டினின்று மற்றொரு வீட்டிற்குக் குடிபுகுந்தவரே.

இவ்விரு வீடுகளின் வழக்கங்களும் பெரிதும் வேறுபட்டவை. லினக்ஸில் அமைப்புகளெல்லாம் எவரும் வாசிக்கத்தக்க எழுத்துக் கோப்புகளாய் ஒரு கோப்புறையுள் வெளிப்படையாகக் கிடக்கும். விண்டோஸிலோ அவற்றுட் பெரும்பாலானவை ரெஜிஸ்ட்ரி என்னும் ஒரு பதிவகத்துள் அடுக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் ஒரு கோப்பின்மீது உரியவர், குழுவினர், ஏனையோர் என மூவகையார்க்குப் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகளை வகுத்து, ஒன்பது குறிகளால் அதனை முடித்துவிடும். விண்டோஸோ ஒவ்வொருவர்க்கும் தனித்தனி உரிமை எழுதிய நீண்ட பட்டியலை வைத்துக்கொள்ளும். வரி முடிவைக் காட்டுவதிலும் ஒற்றுமையில்லை. பழைய தட்டச்சுப்பொறியில் வரி முடிந்தவுடன் வண்டியைப் பின்னே தள்ளுவதும் தாளை மேலே ஏற்றுவதுமாகிய இரு செயல்கள் உண்டல்லவா? விண்டோஸ் அவ்விரண்டிற்கும் இரண்டு குறிகளை இடும். யூனிக்ஸ் மரபோ ஒன்றே போதும் என்று நின்றுவிடும். விண்டோஸில் எழுதிய கட்டளைக் கோப்பை லினக்ஸிற்குக் கொணர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத அவ்வொரு குறியால் அது ஓடாது நிற்க, இரவு முழுதும் காரணந் தேடி அலைந்தாரை யாம் அறிவோம். எம்மையும் அவருட் சேர்த்துக்கொள்க.

நிற்க. எம்மைத் திருத்திய வேற்றுமை வேறொன்று. லினக்ஸ் ஆங்கிலப் பெயர்களிற் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் இருவேறாகவே கொள்ளும். ஒரே பெயரைப் பெரிய எழுத்தால் ஒருமுறையும் சிறிய எழுத்தால் ஒருமுறையும் எழுதினால் அங்கே இரண்டு கோப்புகள் உண்டாகும். விண்டோஸ் பெயரை எழுதியவாறே வைத்துக்கொள்ளுமாயினும், வழக்கமாக அவ்வேற்றுமையைப் பாராட்டாது. இரண்டும் அதற்கு ஒன்றே. நம் தமிழெழுத்தில் இவ்வேறுபாடே இல்லாமையால், நம்மவர் இதனைப் பெரிதாய் எண்ணுவதுமில்லை.

2016ஆம் ஆண்டில் யாம் ஊழியஞ்செய்த ஓர் அலுவலகத்தில், பல்லாண்டுகளாக லினக்ஸ் சர்வரில் இருந்த கோப்புகளை விண்டோஸ் சர்வருக்கு மாற்ற வேண்டுமென்று மேலிடத்தார் முடிவுசெய்தனர். எமக்கு அம்முடிவு சிறிதும் உடன்பாடன்று. மனக்கசப்போடே ஒரு வெள்ளிக்கிழமை இரவு வேலையைத் தொடங்கினோம். கோப்புகளையெல்லாம் ஒரே பொதியாகச் சுருக்கிக் கட்டி, புதிய சர்வரிற் கொண்டுபோய் அவிழ்த்தோம். நடுவே திரையில் ஒரு கேள்வி எழுந்தது. இப்பெயரில் ஒரு கோப்பு முன்னரே இருக்கின்றது, அதனை நீக்கி இதனை வைக்கலாமா என்பதே கேள்வி. முன்னிரவில் யாம் அரைகுறையாகச் செய்து நிறுத்திய ஒத்திகையின் எச்சம் போலும் என்று எண்ணி, 'ஆம், அனைத்திற்கும்' என்று விடையளித்து வீடு சென்றோம். மறுநாள் இடம் வேண்டுமென்று அப்பொதியையும் அழித்துவிட்டோம்.

மூன்று வாரம் கழிந்தது. முப்பத்துநான்கு ஆண்டு கடைநிலை ஊழியராயிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், தம் பென்ஷன் கணக்கிலிருந்த பிழையொன்றைத் திருத்தவேண்டி வந்தார். அவருடைய பணிப்பதிவேடு செல்லரித்து அழியத் தொடங்கியமையால், பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சர்வரில் வைக்கப்பட்டிருந்தது. குமாஸ்தா கோப்பைத் திறந்தார். அதிலிருந்தது அதே பெயருடைய வேறோர் ஊழியரின் பதிவேடு. பழைய குமாஸ்தா ஓய்வுபெற்றோர் பெயர்களைப் பெரிய எழுத்திலும், பின்வந்தவர் ஏனையோர் பெயர்களைச் சிறிய எழுத்திலும் இட்டுவந்தனர் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. ஒன்றை மற்றொன்று விழுங்கிவிட்டது. முதியவர் நெடுநேரம் திரையையே நோக்கியிருந்து, "ஐயா, அப்படியானால் நான் இங்கே வேலை பார்த்ததற்கு அத்தாட்சி இல்லையா?" என்று கேட்டார். அவர் குரலிற் கோபம் இல்லை. அதுவே எம்மை அதிகமாய் வருத்திற்று.

எம் மேலதிகாரியிடம் ஓடிச்சென்று, "இது விண்டோஸின் குற்றம், லினக்ஸில் இப்படி நேராது" என்றோம். அவர் புன்முறுவலும் செய்யவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. "அதற்கு இந்த வழக்கம் இன்று வந்ததா? அது கேட்டபோது ஆம் என்று சொன்னவர் யார்?" என்று மட்டும் வினவினார். பிறகு எம்மைத் தம் அறைக்கு அடுத்த சிறு அறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மேசைக்கடியில் பழைய லினக்ஸ் சர்வர் துணியாற் போர்த்தப்பட்டு இருந்தது. வேறு வேலைக்காக அதனை அழித்துத் தருமாறு யாம் இருமுறை கேட்டிருந்தோம். மூன்று மாதம் போகட்டும் என்று அவர் மறுத்திருந்தார். அம்மறுப்பே அன்று எம்மையும் அம்முதியவரையும் காத்தது.

பழையதிலுள்ள கோப்புகளை எண்ணினோம். புதியதிலுள்ளவற்றையும் எண்ணினோம். இடைவெளி 43. இவ்வெண்ணிக்கைக்குப் பத்து நிமிஷமும் ஆகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை இரவே இதனைச் செய்திருந்தால், முதியவர் அக்கேள்வியைக் கேட்க நேர்ந்திராது. நூறு ஆடுகளுள் ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனைப் பற்றி நம் கல்லூரிச் சிற்றாலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். அவனுடைய அன்பைப் பற்றியே பிரசங்கங்கள் பேசும். ஆனால், மாலையில் வந்தவுடன் அவன் எண்ணிப் பார்த்திராவிடில் ஒன்று குறைந்தது எங்ஙனம் தெரிந்திருக்கும்? அன்பிற்கு முன்னர் எண்ணிக்கை உண்டு என்பதை அன்றே அறிந்தோம்.

அதுமுதல் எந்த வீட்டினின்று எந்த வீட்டிற்கு மாறினும் யாம் செய்வன சில. பெயர்களையெல்லாம் சிறிய எழுத்தாக்கிப் பார்த்து, ஒன்றோடொன்று மோதுவன உளவோ என்று முன்னரே தேடுவோம். மாற்றியபின் இருபுறத்தும் எண்ணிக்கையை ஒப்பிடுவோம். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தினின்றும் கணித்தெடுக்கும் அடையாள எண் இருபுறத்தும் ஒன்றாயிருத்தலைக் காண்போம். பழைய சர்வரைச் சில மாதமேனும் தொடாது வைப்போம். கணினி ஒரு கேள்வி கேட்டால், அதனை முழுதும் வாசித்த பின்னரே விடையளிப்போம்.

புக்ககத்தின் நன்மைகளைக் காணும் கண்ணும் அதன்பின்னரே எமக்குத் திறந்தது. விண்டோஸ் 2000உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி, அலுவலகம் முழுமைக்கும் ஒருவர்க்கு ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் என்னும் ஒழுங்கைத் தருவது. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த பவர்ஷெல், ஒரு கட்டளையின் விளைவை வெறும் எழுத்து வரிகளாக அன்றி, உறுப்புகளோடு கூடிய பொருளாகவே அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும். 2016ஆம் ஆண்டில் அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்து விடப்பட்டு, அது லினக்ஸிலும் இயங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே விண்டோஸ் 10இனுள் லினக்ஸ் கட்டளைகளை இயக்கும் வசதியும் வந்தது. இரு வீட்டாரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சம்பந்திகளாகிவிட்டனர்; நம் போன்றாரே இன்னும் கட்சி கட்டிக்கொண்டிருக்கின்றோம்.

பிறந்தகமும் என்றும் அவ்வாறே இராது. 2004 முதல் பலர்க்கும் உதவிவந்த சென்ட்ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையை யாம் உயிரெனக் கொண்டிருந்தோம். அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என்றிருந்தது. அது 2021 டிசம்பர் 31உடன் முடிவுறும் என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2021இல் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்பவை அவ்விடத்தை நிரப்ப வந்தன. யாமும் மூட்டை கட்டினோம். இம்முறை புலம்பாது, எண்ணிக்கொண்டு சென்றோம்.

மாணவ நண்பர்காள், உங்களுட் சிலர் இத்தொழிலுக்கு வரக்கூடும். உங்கள் பேராசிரியர்கள் உங்களுக்கு ஏதோ ஒரு வீட்டில்தான் முதலிற் கற்பிப்பர், அதனை நேசியுங்கள். ஆனால், சர்வரில் இருப்பவை லினக்ஸின் கோப்புகளுமல்ல, விண்டோஸின் கோப்புகளுமல்ல. அவை யாரோ ஒரு முதியவரின் முப்பத்துநான்கு ஆண்டுகள். அம்முதியவர்க்கு எஞ்சிய தொகை இரண்டு மாதத்திற் கிடைத்தது. அவர் எமக்கு நன்றி கூற வந்தபோது, யாம் செய்த பிழையை அவரிடம் சொன்னோம். அவர் அதனை முன்னரே அறிந்திருந்தார்.