செருப்புப் பெட்டிக்குள் ஒரு பேய் வீடு

மகளின் பள்ளியில் அக்டோபர் 31-க்கு ஹாலோவீன் ஷேடோ பாக்ஸ் செய்து வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கோட்டக்குப்பத்துல பேய்க்குத் தனியா ஒரு நாளாடா?" பக்கத்தில் பாண்டியில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியுமாகக் கூட்டம் போகிறதே, இது அதற்குச் சொந்தக்காரன்தான் என்றேன். அவள் காதில் ஏறவில்லை.

பெட்டி, போன தீபாவளிக்குச் செருப்பு வாங்கியது. கறுப்பு சார்ட், பட்டர் பேப்பர், ஃபெவிகால், பேட்டரியில் எரியும் சீரியல் லைட் எல்லாம் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடிந்தது.

முதல் தடவை நான் சொதப்பினேன். லைட்டை முன்னால் ஒட்டிவிட்டேன். வெட்டின காகிதம் வெட்டின காகிதமாகவே தெரிந்தது. தோல்பாவைக்கூத்தில் விளக்கு எங்கே இருக்கும் என்று யோசித்த பிறகுதான் புத்தி வந்தது. லைட் பின்சுவரில், இரண்டு விரல் தள்ளி பட்டர் பேப்பர், அதற்கு முன்னால் நிலா, வீடு, மரம் என்று மூன்று அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே தெர்மாகோல் துண்டு. பட்டர் பேப்பரை பல்போடு ஒட்டி வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். தள்ளி வைத்தால் வெளிச்சம் பரவி மூட்டமாகிவிடும். அறை விளக்கை அணைத்தோம். ஒரு சாண் பெட்டிக்குள் ஒரு தெரு தூரம் வந்திருந்தது.

வீட்டில்தான் சிக்கல். போனில் கிடைத்ததெல்லாம் கூர்க்கோபுரம் வைத்த வெள்ளைக்கார வீடு.

"இந்த மாதிரி வீட்ட நான் பாத்ததே இல்லப்பா. தந்திராயன்குப்பத்துல பாதி விழுந்து நிக்குதே, அதச் செய்யலாம்."

ஞாயிற்றுக்கிழமை நடையில் நாங்கள் தாண்டிப் போகும் வீடு. தரை அந்தரத்தில் நிற்கும். நீலச் சுவரில் காலண்டர் மாட்டின ஆணி அப்படியே இருக்கும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980களின் கடைசியில் பாண்டி துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் ஏறியது. பாண்டி தன் கரைக்குக் கருங்கல் கொட்டிக்கொண்டது. அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. ஒரு ஃபைலில் பக்கைச் சரிசெய்தால் அடுத்த ஃபைலில் வெடிப்பதை அலுவலகத்தில் தினம் பார்க்கிறேன்; அங்கே யாருக்கும் வீடு போவதில்லை. தூண்டில் வளைவு கேட்டு மீனவர்கள் மறியல் செய்யும்போது, ஈசிஆரில் மாட்டிக்கொண்டு நானும் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

மகள் அதையே வெட்டினாள். கூரையில் ஏழு வௌவால். பார்க்க நன்றாகவே பயமாக இருந்தது. எனக்குத்தான் உறுத்தியது. அவளோடு படிக்கும் பெண்ணின் வீடு அது. சனிக்கிழமை விளையாட வருவாள். ஒளித்து வைக்கலாமா என்று கேட்டேன். "ஏன்?" என்றாள் மகள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெண் வந்தாள். விளக்கை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"படி இந்தப் பக்கம் இல்ல அங்கிள். கடல் பக்கம். அதான் மொதல்ல போச்சு. அங்கதான் ஆயா கருவாடு காய வெப்பாங்க."

"அப்ப ஆயாவையும் வெப்பமா? பேயா?" என்றாள் மகள்.

"ஏய், ஆயா உசுரோட இருக்காங்கடி. பெரியம்மா வீட்ல."

இரண்டு பேரும் நடு அடுக்கைப் பிய்த்துவிட்டுப் புது சார்ட்டை எடுத்தார்கள். படி எத்தனை என்று அவள் விரல்விட்டு எண்ணினாள், ஆறு. ஆறாவதில் கால் நீட்டி உட்கார்ந்த ஒரு கிழவி.

வௌவாலை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், அது சூப்பரா இருக்கு என்றாள்.