கிராஞ்சியிலிருந்து – 4: நங்கூரத்துக்கும் கரைக்கும் நடுவே

சிங்கப்பூரின் கிராஞ்சியில் ரயில் ஏறி உட்கார்ந்தால் வண்டி மாறாமலேயே கடலைப் பார்த்துவிடலாம். வடக்கு–தெற்குத் தடத்தில் கிராஞ்சிக்கு 7ஆம் எண். அதே தடத்தின் கடைசி நிலையமான மரினா சவுத் பியருக்கு 28. இந்தக் கடைசி நிலையம் 2014இல்தான் திறந்தது. உட்லண்ட்ஸ், ஈசூன், அங் மோ கியோ, ஆர்ச்சர்ட் என்று தீவைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் தென்கரையில் இறக்கிவிடுகிறது.

கிளம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. மதுரையிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்திருந்தார். குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்து, இங்கிருந்து புக்கெட் போகும் சொகுசுக் கப்பலில் ஏறப்போகிறாராம். "புக்கெட்ல கப்பல் கரைக்கே வராதாமே, நடுத்தண்ணியில நிறுத்திப் படகுல இறக்குவாங்களாமே, அதுல பாதி நாள் போயிடும்ங்கிறாங்க. எங்கம்மாவ வேற கூட்டிட்டு வர்றேன். ஏதாவது சூட்சுமம் இருந்தாச் சொல்லுங்க" என்றார். இருக்கிறது. ஆனால் அதைப் போனில் சொல்லி முடிப்பதைவிட சிங்கப்பூர்க் கரையில் நின்று யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. துறைமேடை இல்லாத கடலில் ஆளை இறக்கும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து பழகிய ஊர் இது. அப்படி இறங்கியவர்களில் நம்மவர்களும் ஏராளம்.

கிராஞ்சியே அதற்கு ஒரு கொடூரமான சாட்சி. போன வாரம் எழுதிய போர்க் கல்லறையிலிருந்து வடக்கே போனால் ஆறு கடலில் கலந்த இடம் வருகிறது. 1942 பிப்ரவரி 9ஆம் தேதி இரவு ஜப்பானியரின் ஏகாதிபத்தியக் காவல் படை ஜோகூர் நீரிணையைப் படகுகளில் தாண்டி இந்தப் பக்கம் ஏற முயன்றது. தண்ணீர் வற்றும் நேரம். படகுகள் அலையாத்தி வேர்களுக்கிடையே சேற்றில் மாட்டிக்கொண்டன. கிடங்குகளிலிருந்து திறந்துவிட்ட எண்ணெய் நீரின் மேல் பரவி எரிந்தது. தரையிறக்கத்தையே கைவிடலாமா என்று தளபதி நிஷிமுரா மேலிடத்தைக் கேட்கும் அளவுக்கு நிலைமை போனது. எதிரே இருந்த ஆஸ்திரேலியப் படை விடிவதற்குள் பின்வாங்கிவிட்டதால்தான் அவர்களுக்குக் கரை கிடைத்தது. அந்த முகத்துவாரத்தை 1975இல் அணை கட்டி மூடிவிட்டார்கள். இப்போது அது குடிநீர்த் தேக்கம். ஓரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கி கிளிஃபோர்ட் பியருக்கு நடந்தேன். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்கள் பலர் சிங்கப்பூர் மண்ணை முதலில் மிதித்த இடம் இது. 1933 ஜூனில் திறந்தார்கள். அதற்கு முன்னால் இதே கரையில் ஜான்ஸ்டன் பியர் இருந்தது. புதிய துறைக்கு ஆளுநர் ஹியூ கிளிஃபோர்டின் பெயரை வைத்ததில் உள்ளூர் வணிகர்களுக்கு ஏகப்பட்ட கோபம். பழைய வணிகர் ஜான்ஸ்டனின் பெயரே இருக்கட்டும் என்றார்கள். சீனர்கள் இரண்டு பெயரையும் சட்டை செய்யவில்லை. அவர்களுக்கு அது எப்போதும் சிவப்பு விளக்குத் துறைதான்.

தஞ்சோங் பகாரில் 1860களிலேயே கப்பல்கள் கரையோடு அணையும் மேடைகள் வந்துவிட்டன. இருந்தாலும் வந்த கப்பல்களுக்கெல்லாம் அங்கே இடம் போதவில்லை, கட்டணம் கொடுக்க எல்லாருக்கும் மனமும் இல்லை. வெளிக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சரக்கைத் தொங்கான் என்னும் சரக்குப் படகிலும் ஆட்களைச் சம்பானிலும் லாஞ்சிலும் இறக்குவது வழக்கமாகவே தொடர்ந்தது. தொங்கான் தொழில் முதலில் பெரும்பாலும் சூலியாக்கள் கையில் இருந்தது. சூலியாக்கள் என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்கள் அவர்கள்தான். பிறகு சீனர்கள் கைக்கு மாறியது. தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் சூலியாக்கள் எழுப்பிய நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. அன்று அதன் வாசலுக்கு எதிரே கடல். இன்று அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் நாலைந்து தெருக்களையும் வங்கிக் கோபுரங்களையும் தாண்டி நடக்க வேண்டும்.

கிளிஃபோர்ட் பியரை 2006இல் மூடினார்கள். 2008இல் மரினா தடுப்பணை வந்து விரிகுடாவே நன்னீர் ஏரியாகிவிட்டது. இனி கடலிலிருந்து ஒரு படகும் இங்கே வர முடியாது. பியரின் வளைவுக் கூரைக்கு அடியில் ஒரு நட்சத்திர விடுதியின் உணவகம் நடக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தேன். விலைப் பட்டியலைப் பார்த்ததும் வெளியே வந்து அண்ணாந்து கூரையை மட்டும் ரசித்தேன். அதற்குக் காசில்லை.

மறுபடி ரயில், மரினா சவுத் பியர். பக்கத்திலேயே, நடக்கும் தூரத்தில், 2012இல் திறந்த மரினா பே கப்பல் முனையம். அங்கே மாடிக் கட்டடம் போன்ற கப்பல்கள் கரையோடு அணைகின்றன. பயணி குளிரூட்டிய நடைபாதையில் பெட்டியை உருட்டிக்கொண்டே இறங்கிவிடுகிறார். பியரின் படியில் நின்று கடலைப் பார்த்தால் கதை வேறு. தொடுவானம் வரை கப்பல்கள். எண்ணெய் நிரப்ப, ஆள் மாற்ற, உத்தரவுக்காகக் காத்திருக்க என்று நங்கூரத்தில் நிற்பவை. அவற்றில் இருப்பவர்கள் கரைக்கு வர இன்றும் லாஞ்ச்தான் வழி. கிளிஃபோர்ட் பியரின் வேலை அப்படியே இங்கே இடம் மாறியிருக்கிறது.

இங்கிருந்து செயிண்ட் ஜான் தீவுக்குப் படகு போகிறது. டிக்கெட் எடுத்தேன். நங்கூரக் கப்பல்களின் நடுவே புகுந்து போகிற பயணம்; ஒவ்வொரு கப்பலின் பக்கவாட்டிலும் தொங்கும் ஏணியைக் கிட்டத்தில் பார்க்கலாம். அதைப் பார்த்தால்தான் நண்பர் கேட்ட கேள்வியின் பாதி புரியும். படகு ஓடும் நேரம் பெரிதில்லை. படகு கப்பலோடு ஒட்டி நிற்கும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். சொகுசுக் கப்பலில் 3,000 பேர். கரைக்கு ஆள் கொண்டுபோக அதன் உயிர்காப்புப் படகுகளில் நான்கை இறக்குகிறார்கள் என்று வையுங்கள். ஒன்றில் 100 பேர். ஏற்றி, கரையில் இறக்கி, திரும்பி வர 40 நிமிடம். மணிக்கு 600 பேர் போகலாம். எல்லாரும் இறங்க ஐந்து மணி நேரம். அலை கொஞ்சம் எழும்பினால், ஒரு பாட்டி வாசலில் நின்று தயங்கினால், இந்தக் கணக்கு இன்னும் நீளும். காலை எட்டு மணிக்கு 3,000 பேரும் ஒரே வாசலில் கூடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் கப்பலில் எண் போட்ட சீட்டுக் கொடுத்து அரங்கில் உட்கார வைக்கிறார்கள். அந்த எண்களுக்கும் முன்னால் ஒரு வரிசை உண்டு. பெரிய அறை எடுத்தவர்கள் முதலில். கப்பலே நடத்தும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் அடுத்து. மிச்சப் பேருக்குத்தான் சீட்டு.

இந்த வரிசை இன்று முளைத்ததில்லை. 'ரஜூலா' கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. புதிதாக வந்தபோது அறைப் பயணிகள் நூற்றுச் சொச்சம் பேர். டெக்கில் ஐயாயிரம் பேருக்கும் மேல் ஏற்ற அனுமதி. நாகப்பட்டினத்திலும் கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாத கடல் என்பதால் வெகுதொலைவில் நிற்கும். கடுவையாற்று முகத்திலிருந்து படகில் போய், ஆடும் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். பக்கத்திலேயே வெங்காய மூட்டைகளும் ஏறும். சிங்கப்பூர் வந்தால் அறைப் பயணிகளுக்கு மருத்துவர் ஒரு பார்வை பார்ப்பார், அதோடு சரி. டெக் பயணிகளைக் கொண்டுபோய் இறக்கிய இடம் நான் இப்போது போய்க்கொண்டிருக்கும் இந்தத் தீவு.

1873இல் ஊரில் காலரா வந்தது. அடுத்த ஆண்டே செயிண்ட் ஜான் தீவில் தொற்றுத் தடுப்பு முகாம் போட்டார்கள். 1930களில் உலகின் மிகப் பெரிய முகாம்களில் ஒன்று என்று பெயர் எடுத்தது. துணிமணிகளை ஆவியில் போடுவது, மருந்துத் தண்ணீரில் குளியல், அம்மை குத்துவது, பிறகு காத்திருப்பு. ஊர் கண்ணுக்கெதிரே தெரியும், போக முடியாது. பின்னாளில் இதே தீவு அரசியல் கைதிகளுக்கும் சிறையானது. 1951இல் இங்கே காவலில் கிடந்த தேவன் நாயர் முப்பது ஆண்டு கழித்துச் சிங்கப்பூரின் குடியரசுத் தலைவரானார். இன்று தீவில் பூனைகள், மர நிழல், ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள். கடலோரப் பெஞ்சில் உட்கார்ந்து நண்பருக்கு என்ன சொல்வதென்று எழுதிக்கொண்டேன்.

முதல் விஷயம், அவசரமில்லாதவர் முதலில் போகக் கூடாது. முதல் படகுகளைப் பிடிக்க ஆறு மணிக்கே சீட்டு வாங்க நிற்பவர்கள் நிற்கட்டும். பத்தரை, பதினொன்று ஆனால் அநேகமாகச் சீட்டே கேட்கமாட்டார்கள். நேரே கீழ்த்தளம் போய்ப் படகில் உட்காரலாம். அம்மாவுக்கும் நிதானமாகச் சாப்பிட நேரம் கிடைக்கும். புக்கெட்டில் தனியாகக் கார் பேசியிருந்தால் ஓட்டுநரிடம் கப்பல் வரும் நேரத்தைச் சொல்லாமல், நாம் கரைக்கு வரும் நேரத்தைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மூன்று மணி நேரம் வித்தியாசம் இருக்கலாம். பாதோங் கடற்கரையில் எட்டு மணிக்கு வண்டியை நிறுத்தச் சொன்னால் காத்திருப்புக் கூலிதான் மிச்சம்.

ஏறும்போது படகோட்டியின் சொல்லைக் கேட்க வேண்டும். இது நம்மூர் மசூலாப் படகுக்காரர்கள் காலத்துப் பாடம். சென்னைக்குத் துறைமுகம் வருமுன் கப்பல்கள் வெளியே நிற்கும். ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அலையை உடைத்துக்கொண்டு போய் ஆளைக் கொண்டுவரும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்தது வளைந்துகொடுக்கும். கவிழ்ந்தால் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே வரும். சீமாட்டிகளை நாற்காலியில் கட்டி இறக்குவார்கள். புதுச்சேரியில் இதே வேலையைச் சலங்குகள் செய்தன. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் அவை வந்துபோய்க்கொண்டே இருக்கும். படகு அலையோடு மேலே வந்து ஒரு கணம் நிற்கும்போது கால் வைக்க வேண்டும். கீழே இறங்கும்போது வைத்தால் விழவேண்டியதுதான். இன்று இரும்பு மேடையும் விளக்கும் வந்துவிட்டன, அலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பை முதுகில் தொங்கட்டும். உள்ளே போனவுடன் வாசலருகே உட்கார்ந்துகொள்ளும் நம் பழக்கத்தை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டு, கடைசி இருக்கை வரை நகர வேண்டும்.

திரும்புவதுதான் பெரிய சிக்கல். போகும்போது அரங்கில் குளிரில் உட்கார்ந்து காத்திருந்த அதே கூட்டம், மாலையில் கடற்கரை வெயிலில் நிற்கும். எல்லாரும் கடைசிப் படகுக்கு முந்தைய படகைப் பிடிக்கத்தான் பார்ப்பார்கள். இரண்டு மணி நேரம் முன்னால் திரும்பிவிட்டால் காற்று வாங்கிக்கொண்டே வரலாம். கடைசிப் படகின் நேரம் தினமும் அறைக்கு வரும் தாளில் அச்சாகியிருக்கும். கப்பல் கிளம்பும் நேரத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள்தான் கரையில் நின்று கையாட்டுவார்கள். அலை மோசமாக இருந்தால் கேப்டன் இறக்கவே மாட்டார். அதற்கு யாரிடமும் கோபித்துப் பயனில்லை. அம்மாவோடு மேல்தளத்தில் உட்கார்ந்து தூரத்துப் புக்கெட்டைப் பார்க்கலாம்.

திரும்பும் படகு மரினா சவுத் பியரை அடைந்தபோது ஒரு லாஞ்சும் கூடவே வந்து ஒட்டியது. ஏழெட்டு மாலுமிகள். ஒருவர் போனில் பேசியது தூத்துக்குடித் தமிழ். குடிநுழைவுச் சோதனை முடிந்து அவர்கள் வெளியே வரும்வரை நின்றிருந்து பேச்சுக் கொடுத்தேன்.

"நாலு நாளா நிக்கோம் அண்ணாச்சி. லைட்டெல்லாம் தெரியுது, எறங்க முடியல. லாஞ்சுக்குக் காசு நாங்கதான் போடணும். ஆளு சேரணும்லா, அதான் இன்னைக்கு."

"எப்போ திரும்பணும்?"

"ஒம்பது மணிக்கு லாஞ்ச். அத விட்டா வேற போட்டு நாமதான் சொல்லிக்கணும், காசு எக்கச்சக்கம். அதுக்குள்ள முஸ்தபா போய் வரணும். பொண்ணுக்கு ஒரு வாட்ச், வீட்டுக்குத் தைலம், சாக்லேட். நேரம் காணுமா?"

மணி நாலரை. தோபி காட்டில் மாறினால் ஊதாத் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் ஃபேரர் பார்க், அங்கிருந்து நடை. தாராளமாகப் போதும் என்றேன். ஆனால் முஸ்தபா பேரங்காடிக்குள் போனவர்கள் சொன்ன நேரத்தில் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை என்பதையும் சொல்லிவைத்தேன்.

"அப்ப நீங்களும் வாங்க அண்ணாச்சி. எட்டு மணிக்கு எங்கள வெரட்டி வெளிய கொண்டாருங்க."

நல்ல வேலைதான். போனேன். எட்டு மணிக்கு எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்பது அடுத்த வாரம்.