காற்றுக்குத் தையல்

ஜூன் 8, ஞாயிறு

கான்கிரீட் போடும்போது அடியில் விரிக்கிற பாலித்தீன் ஷீட்டைக் கடையில் எடைபோட்டு வாங்கி வந்தேன். கம்பு, கம்பி எதுவும் இல்லாமல் காற்றை மட்டும் நம்பி, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கூடாரம் எழுப்ப ஆசை. கலிஃபோர்னியாவின் ஆன்ட் ஃபார்ம் குழு 1971இல் ‘இன்ஃப்ளாட்டோகுக்புக்’ என்ற கையேட்டை வெளியிட்டது. பாலித்தீனை ஒட்டி, விசிறியால் ஊதிக் கட்டடம் எழுப்பும் முறையைச் சாதாரண மனிதருக்குச் சொல்லித்தந்த புத்தகம் அது. அந்தத் துணிச்சல் இன்றும் தேவை.

ஜூன் 10, செவ்வாய்

ஷீட்டைத் தையல் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். துணியில் ஊசி இறங்கினால் இழைகள் விலகி வழிவிடும், ஊசி ஏறியதும் மறுபடி நெருங்கிவிடும். பிளாஸ்டிக்கில் விலகுவதற்கு இழையே இல்லை. விழுந்த ஓட்டை ஓட்டைதான். அதனால் தையற்கடை விதி இங்கே தலைகீழாகிறது. துணிக்கு நெருக்கமான தையல் பலம். இந்த ஷீட்டுக்கோ அது தபால்தலையின் ஓரம் மாதிரி, இழுத்தால் வரிசையாகக் கிழிந்து வரும். தையலை நீளமாக்கி, இரண்டு பக்கமும் பருத்தி நாடா வைத்துச் சேர்த்துத் தைத்தேன். இப்போது இழுப்பை நாடா வாங்கிக்கொள்கிறது. ஷீட்டுக்குக் காற்றை மறிக்கும் வேலை மட்டுமே.

ஊசித்துளையில் காற்று கசியும். கசியட்டும். திருவிழாக்களில் பிள்ளைகள் குதிக்கிற காற்று மெத்தைகளும் தைத்தவைதான். தையல் வழியே போகிற காற்றை ஊதுவிசிறி ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஊதி மூடிவைப்பதற்குத்தான் தையல் உதவாது, சூட்டில் ஒட்ட வேண்டும். பாலித்தீனில் பசை சரியாகப் பிடிக்காது. ஆனால் 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகி ஒன்றோடொன்று கலந்துவிடும். ஷீட்டின் மேல் பேக்கிங் காகிதத்தை விரித்து இஸ்திரிப்பெட்டியை நகர்த்தினால் போதும். பளபளக்கும் பாலியெஸ்டர் தாள் அந்தச் சூட்டில் மசியாது. அதில் பாலித்தீன் பூச்சு இருந்தால்தான் ஒட்டும்.

ஜூன் 13, வெள்ளி

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை வளைத்து, ஒரு முனையைக் கூடாரத்துக்கென்று தைத்து ஊதிய குழலுக்குள் விட்டு அழுத்தம் அளந்தேன். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 1 செ.மீ. வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 கிலோ அழுத்துகிறது என்று பொருள். 1 மீட்டர் ஆரமுள்ள குழலில் அந்த அழுத்தம் இருந்தால், தையலின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 100 கிராம் தாங்க வேண்டும். ஆரம் இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும். கையால் செய்பவருக்கு ஒல்லிக் குழல்களே நல்லது. ஒசாகாவில் 1970இல் நடந்த உலகக் கண்காட்சியில் யுடாக்கா முராட்டா எழுப்பிய ஃபூஜி அரங்கில் 4 மீட்டர் விட்டமுள்ள 16 காற்றுக்குழல்கள் வளைந்து நின்றன. அவற்றுக்கு பிளாஸ்டிக் தாள் போதாது. நெய்த கான்வாஸ்தான் தாங்கியது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று முழுக்க வடிவம். 30 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளை ஓரம் சேர்த்து ஊதினால் ஏறக்குறைய 19 செ.மீ. விட்டத்தில் குழல் கிடைக்கும். 1 மீட்டர் விட்டமுள்ள இரண்டு வட்டங்களைச் சேர்த்தால், ஊதியபின் குறுக்களவு 76 செ.மீ.தான், நடுத்தடிமன் 46 செ.மீ. சுற்றளவு சுருங்க வேண்டியிருப்பதால் விளிம்பெல்லாம் மடிப்பு விழுகிறது. அந்த மடிப்புகளைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன், அவை நமக்கு வழிகாட்டுகின்றன. குழலின் ஒரு பக்க நாடாவை மட்டும் குட்டையாக வெட்டி, பாவாடை இடுப்புக்கு வைக்கிற சுருக்குபோட்டு ஷீட்டை அதில் தைத்தேன். காற்று ஏறியதும் குழல் குட்டைப் பக்கமாக வளைந்து தானே வில்லாயிற்று! எவ்வளவு வளைய வேண்டும் என்பதை நாடாவின் நீளமே முடிவு செய்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

விற்களை வரிசையாக இணைத்துப் போர்வை போர்த்தியதும் கூடாரம் நின்றது. உள்ளே உட்கார்ந்தபோது மைக்கேல் ராக்கோவிட்ஸை நினைத்தேன். வீடற்றவர்களுக்காக பிளாஸ்டிக் பைகளாலும் ஒட்டுநாடாவாலும் அவர் 1998இல் அமெரிக்காவில் செய்யத் தொடங்கிய கூடாரங்கள், கட்டடங்கள் வெளியே தள்ளுகிற சூடான காற்றிலேயே உப்பி, படுப்பவரைக் குளிரிலிருந்து காத்தன. காற்றுக் கட்டடங்களில் இதைவிட மேலான பயன் எனக்குத் தெரிந்து இல்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சூட்டில் ஒட்டும்போது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆள் இருக்கும்போது வாசலை மூடாதீர்கள். விசிறி நின்றால் ஷீட் மேலே விழுந்து மூச்சை அடைக்கும். சிறு பிள்ளைகளைத் தனியே உள்ளே விடவே வேண்டாம். மொட்டைமாடியில் எழுப்புவதானால் நான்கு பக்கமும் மணல் மூட்டை கட்டிய பிறகே விசிறியைப் போடுங்கள்.