டேப் ஒட்டாத டவர்!

20 நியூஸ் பேப்பர், ஒரு செலோ டேப், 30 நிமிஷம். இதை வெச்சு எவ்வளவு உயரத்துக்கு உங்களால ஒரு டவர் கட்ட முடியும்? சுவர்ல சாய்க்கக் கூடாது. தரையோட சேர்த்து ஒட்டக் கூடாது. கையை எடுத்த பிறகு 10 விநாடி தானா நிக்கணும். அவ்வளவுதான் ரூல்ஸ்!

சிம்போசியம் சுத்துற ஆளா இருந்தா, இந்த ஈவென்ட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. போன மார்ச்ல இதுக்காகவே நாங்க நாலு பேர் தஞ்சாவூர் போனோம். கப்பு வாங்கப் போய் பல்பு வாங்கினோம். ஆனா, அன்னிக்கு சாயங்காலம் அதே ஊர்ல வேற ஒரு டவரைப் பார்த்தோம். வாங்க, உங்களையும் கூட்டிட்டுப் போறேன்.

முதல்ல பல்பு கதை.

பேப்பரை அப்படியே நிமிர்த்தி வெச்சா மடங்கிடும். அதையே இறுக்கிச் சுருட்டிக் குழாயாக்கினா கம்பு மாதிரி விறைப்பா நிக்கும். நாலு குழாயைச் சதுரமா ஒட்டினா, லேசா தட்டினாலே கோணிக்கும். குறுக்கே ஒரு குழாய் கொடுத்து முக்கோணமாக்கினா அசையாது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். சொதப்பினது வேற இடத்துல.

எங்க டீம்ல ஒரு சிவில்காரன் உண்டு. என் ரூம்மேட். "அடியை அகலமா வைடா"ன்னு ஆரம்பத்துலயே சொன்னான். "உயரத்துக்குத்தான்டா மார்க். அடியில போடுற பேப்பர் வேஸ்ட்டு"ன்னேன். கேப்டன் நான்தானே! ஒரு அடி அகலத்துல ஆரம்பிச்சு ஏழு அடி வரைக்கும் ஏத்தினோம். கடைசி ரெண்டு நிமிஷத்துல பெஞ்ச் மேல ஏறி, உச்சியில இன்னொரு குழாயும் செருகினேன்.

கையை எடுத்தோம். ஒண்ணு... ரெண்டு... அஞ்சு வரைக்கும் கம்பீரமா நின்னுச்சு. ஆறாவது விநாடி, பஸ்ஸுல தூங்கி விழுற ஆள் மாதிரி மெதுவா சாய ஆரம்பிச்சுது. ஏழாவது விநாடி தரையில! அஞ்சடிக்குக் கட்டின பாலிடெக்னிக் பசங்க முதல் பரிசைத் தட்டிட்டுப் போனாங்க.

அப்போ நான் ஒரு தப்பு பண்ணினேன். எல்லார் முன்னாடியும் ரூம்மேட்டைப் பார்த்து, "நீ ஒட்டின ஜாயின்ட்தான்டா விட்டுடுச்சு"ன்னு சொல்லிட்டேன். உண்மையில எந்த ஜாயின்ட்டும் விடலை. டவர் முழுசா, ஒட்டினது ஒட்டினபடிதான் கவிழ்ந்துச்சு. அது அவனுக்கும் தெரியும். ஒரு வார்த்தை பேசாம கிழிஞ்ச பேப்பரைப் பொறுக்க ஆரம்பிச்சான்.

ராத்திரிதான் பஸ். "பெரிய கோயிலாவது பார்த்துட்டுப் போலாம்"னு மத்த ரெண்டு பேரும் கிளப்பினாங்க. பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்தோம். ரூம்மேட் மட்டும் பத்தடி தள்ளியே வந்தான்.

மதுரை, ஸ்ரீரங்கம் எல்லாம் போயிருப்பீங்க. அங்கே வாசல் கோபுரம்தான் வானத்தைத் தொடும். தஞ்சாவூர்ல உல்டா! கேரளாந்தகன் திருவாசல், ராஜராஜன் திருவாசல்னு ரெண்டையும் தாண்டி உள்ளே போகப் போகத்தான், கருவறை மேல நிக்கிற விமானம் முழுசா தெரியும். சுமார் 216 அடி. முதலாம் ராஜராஜ சோழன் காலத்துல, 1010-ல கட்டி முடிச்சது. சுத்தி வயலும் வாய்க்காலுமா இருக்கிற டெல்டா மண்ணு. அங்கே இல்லாத கருங்கல்லை வெளியிலேர்ந்து கொண்டு வந்து கட்டியிருக்காங்க. யுனெஸ்கோ இதை 1987-ல உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது.

அப்போ மணி நாலரை இருக்கும். செருப்பு வெளியில. கல் தரை தோசைக்கல்லா கொதிச்சுது. நாங்க குதிச்சுக் குதிச்சு ஓடி, கூட்டமா ஆளுங்க உட்கார்ந்திருந்த ஒரு நிழல்ல போய் நின்னோம். அப்பாடான்னு இருந்துச்சு. அப்போதான் ரூம்மேட் மத்தியானத்துக்கு அப்புறம் முதல் தடவையா வாயைத் திறந்தான்.

"டேய், இது எதோட நிழல்னு பாரு."

நிமிர்ந்து பார்த்தேன். விமானத்தோட நிழல்! 'தஞ்சைப் பெரிய கோயில் நிழல் தரையில விழாது'ன்னு ஸ்கூல் காலத்துலேர்ந்து நம்பிட்டு இருந்த நானே அந்த நிழல்ல நிக்கிறேன். நாலு பேரும் சிரிச்சுட்டோம்.

அப்புறம் அவன் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சான். "அடி சுமார் நூறு அடிச் சதுரம். உயரம் அதுல ரெண்டு மடங்கும் கொஞ்சமும்தான். நம்ம டவர் அடியைப் போல ஏழு மடங்கு!"

சுருக்குனு தைச்சுது. எடையோட மையத்துலேர்ந்து நேரா கீழே ஒரு கோடு போட்டா, அது அடித்தளத்துக்குள்ள விழணும். வெளியில போனா கவிழ்ந்துடும். ஒரு அடி அகலத்துல ஏழு அடி நின்னா, லேசா சாய்ஞ்சாலே கோடு வெளியில போயிடும். உச்சியில செருகின அந்தக் கடைசிக் குழாய் மையத்தை இன்னும் மேல தூக்கிடுச்சு. கவுத்தது நான்தான்.

மேல போகப் போக பதிமூணு நிலையா விமானம் குறுகிட்டே போகுது. பாரம் பெரும்பாலும் கீழேயே. உள்ளே கூடு மாதிரி வெற்றிடம். நம்ம பேப்பர் குழாய் மாதிரியேதான்! ஒரே ஒரு வித்தியாசம். கல்லை ஒட்ட சாந்து கிடையாது. கருங்கல் அமுக்கினா தாங்கும், இழுத்தா விரிசல் விடும். அதனால இழுக்கிற வேலையே வராம, கல்லு மேல கல்லா அடுக்கியிருக்காங்க. மேல இருக்கிற கல்லோட எடைதான் கீழே இருக்கிற கல்லைப் பிடிச்சு வெச்சிருக்கு. பேப்பருக்கு எடையே இல்லை, அதுக்கு டேப் வேணும். இது டேப் ஒட்டாத டவர்!

கோயிலைச் சுத்தி வந்தப்போ, சுவர் முழுக்க கல்வெட்டு. ராஜா கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மத்தவங்க கொடுத்ததுன்னு தனித்தனியா பதிஞ்சிருக்கு. கட்டின தச்சனோட பேரும் கல்வெட்டுல இருக்கு. குஞ்சரமல்லன், ராஜராஜப் பெருந்தச்சன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராஜா, தன் இன்ஜினீயரோட பேரைக் கல்லுல இருக்க வெச்சிருக்கார். அன்னிக்குக் காலையில எங்க ரிஜிஸ்ட்ரேஷன் ஷீட்ல 'நானும் மூணு பேரும்'னு எழுதினவன் நான்.

விமானத்துக்குப் பின்பக்கம் போனோம். மேற்கு வெயில் பட்டு கல்லு பொன் நிறமா மாறியிருந்துச்சு. "ஜாயின்ட் விடலைடா. நான்தான் பொய் சொன்னேன்"னேன். "தெரியும்"னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "பசிக்குதுடா"ன்னான். மேட்டர் ஓவர்!

அடுத்த வாரம் ஹாஸ்டல் ரூம்ல மறுபடியும் 20 பேப்பர். அவன் பிளான், நான் உருட்டுற வேலை. அடி மூணு அடி, உயரம் ஆறரை. 10 விநாடி என்ன, ராத்திரி முழுக்க நின்னுச்சு! காலையில பக்கத்து ரூம்காரன் வந்து ஃபேனைப் போடுற வரைக்கும்.

தஞ்சாவூர் பக்கம் போனீங்கன்னா, நாலு மணிக்கு மேல போங்க. அந்த நிழல்ல ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. கூட யாரையாவது கூட்டிட்டுப் போங்க... முக்கியமா, நீங்க 'ஸாரி' பாக்கி வெச்சிருக்கிற ஆளை!