பத்துக்கு இருபத்தைந்து

என் பைனாகுலரில் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அது போதாதென்று, பிறகு அதே பைனாகுலரை இன்னொருவன் தலையிலும் கட்டினேன். இரண்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

படகுக்கும் காட்டுக்கும் எடுத்துப்போகப் பையில் அடங்கும் அளவில் ஒன்று வேண்டும் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று 8×32, இன்னொன்று 10×25. முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டர் கணக்கில். "படகுக்குன்னா எட்டே போதும் சார், இதை எடுத்துக்குங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு விஷயம் தெரியாது என்று ஆகிவிடும். எட்டைவிடப் பத்து பெரியது, 25 சட்டைப் பைக்குள் போகும், விலையும் குறைவு. "எனக்குத் தெரியும், பத்தையே கொடுங்க" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளாத குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதற்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள்.

நான் கேட்காமல் விட்ட காரணம் இதுதான். காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி கை நடுக்கத்தையும் பத்து மடங்கு ஆக்கும். தரையில் என்றால் முழங்கையை எதிலாவது ஊன்றிச் சமாளிக்கலாம். ஆடும் படகில் முடியாது. அதைவிட முக்கியம், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். 10×25க்கு 2.5 மில்லிமீட்டர். 8×32க்கு 4. கப்பல்களில் காலங்காலமாக 7×50 வைத்திருக்கிறார்களே, அதற்கு 7க்கும் மேல். கற்றை அகலமாக இருந்தால், படகு ஆடிக் கண் சற்று விலகினாலும் காட்சி அறுபடாது. நிழலிலும் வெளிச்சம் குறையாது. 2.5 என்றால் கண் இம்மி நகர்ந்தாலும் ஒரே கறுப்பு. 7×50 ஒரு கிலோவை ஒட்டி வரும், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலையேற முடியாது என்பது உண்மைதான். அதற்காக எதிர் முனைக்கு ஓடியிருக்க வேண்டியதில்லை. அரைக் கிலோ எடையில் 8×32 என் கைக்கே வந்தது. நான்தான் திருப்பி வைத்தேன்.

அம்மாவைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே படமாக்கிய 'இதயக்கனி' 1975இல் வந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அந்தச் சுரபுன்னைக் காட்டுக்குள் ஒருமுறை படகில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். துடுப்புப் படகு எடுத்தோம். கால்வாய் குறுகி, இருபுறமும் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கும் ஓரிடத்தில் படகோட்டி துடுப்பை நிறுத்தினார். "அதோ பாருங்கம்மா, மீன்கொத்தி" என்றார். கருந்தலை மீன்கொத்தி. குளிர்காலத்துக்கு இந்தப் பக்கம் வருவது. கறுப்புத் தலை, வெள்ளைக் கழுத்து, ஆழ்ந்த நீல முதுகு, சிவந்த அலகு. நான் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா கண்ணாடி போட்டவர். கண்ணாடி போட்டவர்களின் கண் பைனாகுலர் லென்ஸிலிருந்து தள்ளித்தான் இருக்கும். 15, 16 மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் முழு வட்டமும் தெரிகிற மாதிரி செய்த கருவிதான் அவர்களுக்கு உதவும். என்னுடையதில் அது 10தான். சாவித் துவாரத்தின் வழியே எட்டிப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு பொட்டு தெரிந்திருக்கும். "கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாரும்மா" என்றேன். வெறும் கிட்டப்பார்வை என்றால் அது பலித்திருக்கும், திருகைச் சுழற்றிச் சரிசெய்துவிடலாம். அம்மாவுக்கு இருந்ததோ சிலிண்டர் பவர். அதை எந்தத் திருகும் சரிசெய்யாது.

கழற்றினார். பார்த்தார். "தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா. எவ்வளவு அழகா இருக்கு."

பறவை உட்கார்ந்திருந்த கிளை வலப்பக்கம். அம்மா பைனாகுலரைப் பிடித்திருந்தது இடப்பக்கம், வெறும் தண்ணீரை நோக்கி. படகோட்டியும் அதைக் கவனித்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் பைனாகுலரை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு, "சரி, போகலாம்ண்ணே" என்றேன்.

வழி நெடுக அந்தப் பைனாகுலரின் பெருமையைப் பேசிக்கொண்டு வந்திருந்தேன். தெரியவில்லை என்று சொன்னால் என் மனசு வாடும் என்று அம்மா எனக்காகப் பொய் சொன்னார். அந்தப் பொய் எனக்கும் தேவைப்பட்டது. படகைக் கொஞ்சம் கிட்டே விடச் சொல்லியிருந்தால், கண்ணாடியோடு வெறும் கண்ணாலேயே பார்த்திருப்பார். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை.

இரண்டாவது பண விஷயம். கடலூர்ப் பக்கம் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்யும் தம்பி ஒருவன், தூரத்தில் மிதக்கும் வலைக்கொடியைத் தேட ஒரு பைனாகுலர் வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டான். என்னிடம் இருப்பதையே வாங்கச் சொன்னேன். "தண்ணி பட்டா தாங்குமாண்ணே?" என்று கேட்டான். "வாட்டர் ப்ரூஃப்டா" என்றேன். பெட்டியில் எழுதியிருந்தது 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'. தெறிக்கும் நாலு துளியைத் தாங்கும், அவ்வளவுதான். நிஜமாகவே தண்ணீர் புகாத கருவியில் மூட்டுக்கு மூட்டு ரப்பர் வளையம் இருக்கும். உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி ஈரமில்லாத நைட்ரஜனை நிரப்பியிருப்பார்கள். உள்ளே ஈரம் இல்லாததால் வெயிலிலிருந்து குளிர்ச்சிக்குப் போனாலும் லென்ஸின் உட்புறம் வேர்க்காது. ஐபிஎக்ஸ் 7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்க வேண்டும் என்று பொருள். இந்த வேறுபாடு அன்றைக்கு எனக்கு ஓரளவு தெரியும். பெட்டியைப் படித்திருந்தேன். ஆனாலும் அப்படிச் சொன்னேன்.

முதல் பருவத்திலேயே உள்ளே ஈரம் கட்டிவிட்டது. பிறகு பிரிசத்தில் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்தது. அது உள்ளே படர்வது என்பதால் துடைத்து எடுக்க வழியில்லை. வெளியே உப்புப் படிந்ததைக் காய்ந்த துணியால் துடைத்து லென்ஸின் பூச்சிலும் கீறல். அப்படித் துடைக்கக் கூடாது; முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைக்க வேண்டும். ஆனால் தண்ணீர் புகும் கருவியில் எப்படி ஊற்றுவது? அவன் போன் செய்தபோது நான் சொன்னது: "நீ தண்ணில போட்டிருப்பே." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணிக்குத்தானேண்ணே வாங்கினோம்" என்றான். அதற்கும் ஏதோ சமாதானம் சொல்லிப் போனை வைத்தேன். கடலில் வேர்வை சிந்திச் சம்பாதித்த காசு அது.

பிறகு எனக்கு ஒரு 8×32 வாங்கினேன். இந்த முறை கடையில் எல்லாவற்றையும் கேட்டேன். நைட்ரஜன் உண்டா, கண்ணாடி போட்டவருக்கு எத்தனை மில்லிமீட்டர், கண் வைக்கும் ரப்பர் உள்ளே இறங்குமா என்று. கண்ணாடி போட்ட ஒருவரைக் கூட்டிப்போய்க் கடை வாசலில் நின்று பார்க்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். மொட்டை மாடியில் நின்று, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த மைனாவைக் கண்ணாடியோடு பார்த்தார். கண்ணைச் சுற்றியிருக்கும் மஞ்சளைச் சொன்னார், கால் மஞ்சளைச் சொன்னார். அப்புறம் திரும்பி, "அன்னைக்குப் படகுல உனக்கு இப்படித்தான் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

ஆமாம்மா, எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை என்பதும் அப்போதே தெரிந்தது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. முட்டி வலி வந்தபின் அவரால் படகில் ஏறி இறங்க முடிவதில்லை. அந்த மீன்கொத்தியை இனி நான் அவருக்குக் காட்டித் தர வழியில்லை.

தம்பியின் கணக்கு இன்னும் தீர்க்கக் கூடியதுதான். இந்த வாரம் கடலூர் போகிறேன். பெட்டியில் எழுதியிருந்ததை அவனிடம் மாற்றிச் சொன்னேன் என்பதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவன் அன்று கொடுத்த காசைத் திருப்பித் தர வேண்டும். ஐபிஎக்ஸ் 7 போட்ட 8×32 ஒன்றும், கை தவறி விழுந்தால் மூழ்காமல் இருக்க மிதக்கும் வார் ஒன்றும் வாங்க அவன் ஒத்துக்கொண்டால், மேற்கொண்டு ஆகும் செலவும் என்னுடையது. கடையில் பெட்டியை அவனே வாங்கிப் படிக்கட்டும்.